பிரிவினை செய்தது யார்?

எங்கள் ஊரில் ஆலயம் ஒன்று. கல்லறைத் தோட்டம் இரண்டு. நடுவே இடுப்பளவுச் சுவர். ஆலயம் கட்டக் கல் சுமந்தவர் என் தாத்தா. அவரைப் புதைத்தது சுவருக்கு அந்தப் பக்கம், ஓடைக்கரையில். சுவரை இடிக்கக் கோரி எங்கள் தெரு இளைஞர்கள் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனோம். கமிட்டிப் பெரியவர் சொன்ன பதில்: "தம்பிகளா, சபைக்குள்ள பிரிவினையக் கொண்டு வராதீங்க."

சுவர் எழுப்பியது பிரிவினை இல்லையாம். இடிக்கச் சொல்வதுதான் பிரிவினையாம்!

இந்த நியாயத்துக்கு வயது இருநூறுக்கு மேல். அமெரிக்காவின் பிலடெல்பியாவில் செயின்ட் ஜார்ஜ் மெதடிஸ்ட் ஆலயத்தின் கட்டட வேலைக்குக் கறுப்பின உறுப்பினர்களும் பணம் கொடுத்தார்கள், உழைத்தார்கள். பிறகு அவர்களையே மேல்மாடத்துக்குப் போகச் சொன்னார்கள். ஒரு நாள், மண்டியிட்டு ஜெபித்துக்கொண்டிருந்த அப்சலோம் ஜோன்ஸை நிர்வாகி ஒருவர் பிடித்து இழுத்தார். ஜெபம் முடியும்வரை பொறுக்கச் சொல்லியும் விடவில்லை. ஜெபம் முடிந்ததும் கறுப்பின மக்கள் மொத்தமாக வெளியேறினார்கள். அவர்களில் ஒருவர் ரிச்சர்ட் ஆலன். அடிமையாகப் பிறந்து, தன் விடுதலையைத் தானே விலை கொடுத்து வாங்கியவர்.

1793இல் அந்நகரில் மஞ்சள் காய்ச்சல் பரவியது. வசதி படைத்தவர்கள் ஊரைவிட்டு ஓடினார்கள். ஜோன்ஸும் ஆலனும் திரட்டிய கறுப்பின மக்கள் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டார்கள், பிணங்களைப் புதைத்தார்கள். காய்ச்சல் ஓய்ந்ததும் அவர்கள்மீதே கொள்ளைப் பழி விழுந்தது. 1794இல் இருவரும் வரவு செலவுக் கணக்கோடு ஒரு சிறுநூல் அச்சிட்டுப் பதில் கொடுத்தார்கள். பிணம் தூக்க நாம், பழி சுமக்கவும் நாம் என்பது நமக்குத் தெரியாத கதையா?

அதே ஆண்டு ஆலன், ஒரு பழைய கொல்லன் பட்டறையை நகர்த்தி வந்து தனக்குச் சொந்தமான மனையில் நிறுத்தினார். அதுதான் பெத்தேல் ஆலயம். வெள்ளை நிர்வாகம் அப்போதும் விடவில்லை. சொத்தும் பிரசங்க மேடையும் தங்கள் அதிகாரத்துக்கு உட்பட்டவை என்றது. தாங்கள் கட்டிய ஆலயமே ஏலத்துக்கு வந்தபோது ஆலன் பத்தாயிரம் டாலருக்கு மேல் கொடுத்து மீட்டார். 1816இல் பென்சில்வேனியா உச்ச நீதிமன்றம் பெத்தேலின் உரிமையை ஏற்றது. அந்த ஆண்டே ஆப்பிரிக்க மெதடிஸ்ட் எபிஸ்கோப்பல் சபை பிறந்தது. ஒற்றுமை பேசியவர்கள் கடைசிவரை கேட்டது சாவியைத்தான் என்பதைக் கவனியுங்கள்.

சாவி நம் கையில் இருந்தால் என்ன நடக்கும்? 1817 ஜனவரியில், சுதந்திரக் கறுப்பினத்தவரை ஆப்பிரிக்காவுக்கு அனுப்பும் திட்டம் பற்றிப் பேச ஏறக்குறைய மூவாயிரம் பேர் பெத்தேலில் கூடினார்கள். ஆலன் உட்படத் தலைவர்கள் சிலருக்கு அதில் சாய்வு இருந்தது. கூட்டம் ஒரே குரலில் மறுத்தது, தலைவர்கள் பணிந்தார்கள். தன் தலைவரையே மறுத்துப் பேச மக்களுக்கு ஓர் இடம் இருந்தது. ஒரு தெருவுக்கு ஆலயம் செய்யக்கூடிய பெரிய உதவி அதுதான்.

ஆலனைப் புனிதராக்கவும் வேண்டாம். ஜரினா லீ என்ற பெண் பிரசங்கிக்க அனுமதி கேட்டபோது, சபை விதியில் இடமில்லை என்று மறுத்தவர் அவர். சில ஆண்டுகள் கழித்துத்தான் ஏற்றுக்கொண்டார். நம் கோரிக்கை மனுவிலும் பெண்களின் கையெழுத்து ஏழுதான். கேட்டுப் போகாதது நம் தவறு.

"அப்படியானால் தனிச்சபை கட்டிக்கொள்ளுங்கள்" என்பார்கள். ஏன்? கல் சுமந்தது என் தாத்தா. அந்த ஆலயத்தில் எங்களுக்குப் பங்கு உண்டு. சுவர் இடிய வேண்டும், கமிட்டியில் எங்கள் தெருப் பெண்களும் ஆண்களும் உட்கார வேண்டும், கணக்குப் புத்தகம் எல்லார் முன்னும் திறக்க வேண்டும். இதை மறுத்தால் நாங்கள் வெளியேறுவோம். அன்றைக்குப் பிரித்தது யார் என்று கேட்டால், அந்தச் சுவரைக் கை காட்டுவோம்.