கோழிக்கு உப்புத் தண்ணீர் உண்டு, கூலிக்காரனுக்கு?

நூம்பல் கறிக்கடைக் கூண்டில், சித்திரை வெயிலில், வாயைப் பிளந்து மூச்சிரைக்கும் பிராய்லர் கோழியைத் தோழர்கள் பார்த்திருப்பீர்கள். கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. அதன் உடம்புச் சூடே சுமார் 41 டிகிரி. வெயில் ஏறினால் மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்க வேண்டும். இரைக்க இரைக்க ரத்தத்திலுள்ள கரியமிலவாயு மிதமிஞ்சி வெளியேறிக் காரத்தன்மை கூடுகிறது. உடம்பின் உப்புச் சத்துக்கள் கழிந்துபோகின்றன. தீனி இறங்காது, எடை ஏறாது. முட்டைக் கோழியானால் ஓடு மெலியும். கடைசியில் சாவு!

இதற்குப் பரிகாரம் உண்டு. கோழி தனக்கு வேண்டிய வைட்டமின் சி-யைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். ஆனால் கடும் வெக்கையில் அது போதாது. ஆகவே ஒரு கிலோ தீவனத்துக்குச் சுமார் 200 மில்லிகிராம் வீதம் கலக்கிறார்கள். சமையல் சோடா, பொட்டாசியம் குளோரைடு, பீட்டெய்ன் ஆகியவற்றையும் தீனியிலோ தண்ணீரிலோ சேர்க்கிறார்கள். உச்சிவேளையில் தீனியை நிறுத்திக் குளிர்ந்த தண்ணீர் வைக்கிறார்கள். கூரைமேல் நீர் தெளிக்கிறார்கள். நல்ல விஞ்ஞானம். வாயில்லா ஜீவன் பிழைப்பதில் நமக்கு ஆட்சேபணை இல்லை.

நாம் கேட்பது வேறு. வெயில் கொல்லும் என்பது முதலாளிக்குத் தெரியாதா? தெரியும்! கோழி விஷயத்தில் டிகிரி கணக்காகத் தெரியும். சூடு 32 டிகிரியைத் தாண்டினால் தீனி எவ்வளவு குறையும், எடையில் எத்தனை காசு நஷ்டம் என்று நோட்டுப் போட்டு வைத்திருக்கிறார். ஏன்? கோழி அவர் முதல்போட்ட சரக்கு. அது செத்தால் அவருடைய பணம் சாகிறது. அம்பத்தூர் பேட்டையில் தகரக் கூரையின் கீழ் உலை முன் நிற்கும் தொழிலாளி சுருண்டு விழுந்தால்? கேட்டு வாசலில் வேறொருவன் காத்திருக்கிறான்!

பல்லடம், உடுமலைப் பக்கம் 1990களில் வேரூன்றிய ஒப்பந்த முறையைப் பாருங்கள். குஞ்சு, தீவனம், மருந்து கம்பெனியுடையவை. ஷெட்டு, தண்ணீர், கரண்ட், இராப்பகல் உழைப்பு குடியானவனுடையவை. கூலியோ, உயிரோடு பிடித்துப்போகும் கோழியின் எடைக்கு! கோடையில் கோழி செத்தால் அடி அவன் கூலியிலும் விழுகிறது. கோழி கம்பெனியின் சொத்து, வெயில் மட்டும் குடியானவனுடைய சொத்தோ? நடுப்பகலில் அந்த ஷெட்டுக்குள் நுழைந்து கோழிக்கு மருந்துத் தண்ணீர் கலக்குகிறாளே ஒரு பெண், அவளுக்கு யார் கலக்குகிறார்கள்?

ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தைப் பிரித்துப் பாருங்கள். உப்பு, பொட்டாசியம் குளோரைடு, சிட்ரேட்டு, குளுக்கோஸ். கோழிக்குக் கலக்கும் சரக்குக்கு ஒன்றுவிட்ட தம்பிதான்! இதைக் கொடுத்தா முதலாளி மஞ்சள் கடுதாசி நீட்டப்போகிறார்?

250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் கோடையில் குடிநீரைக் குளிர்வித்துத் தர வேண்டும் என்றது 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம். 2025 நவம்பர் 21இல் அந்தச் சட்டத்தின் இடத்தில் புதிய தொகுப்பு வந்துவிட்டது. பழைய சட்டம் இருந்த காலமெல்லாம் எத்தனை ஆலையில் அந்தத் தண்ணீரைக் கண்டோம் என்பதைத் தோழர்களே சொல்லட்டும். 2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்பத்தில் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய். வேண்டியதுதான். ஆனால் செத்தபின் 4 லட்சம், சாகுமுன் ஒரு சொம்பு உப்புத் தண்ணீர் கிடையாதா?

ஆலையிலும், திருவள்ளூர் வயல்களிலும், கோழி ஷெட்டிலும் கோரிக்கை ஒன்றே: வேலையிடத்தில் நிழல், குளிர்ந்த குடிநீர், உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர், பகல் 12 முதல் 3 வரை கூலிப் பிடித்தம் இல்லாத ஓய்வு. அடுத்த சித்திரை வரை காத்திராமல் இந்த வாரமே எழுதிக் கொடுங்கள்.