கண்டியில் இருப்பதைக் கிண்டாதீர்கள்

கண்டியில் உள்ள கெப்பெட்டிபொல திசாவையின் மண்டையோட்டைத் தோண்டி மரபணுச் சோதனை செய்து, அவர் ஆங்கிலேயருக்கு எதிராகப் போரிட்ட ஊவாவிலேயே, பதுளையில், மறு அடக்கம் செய்ய வேண்டும் என்கிறார் நண்பர். இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ரிச்சர்டை முன்னுதாரணமாகக் காட்டுகிறார். ஒப்பீடே தவறு.

1485இல் போரில் இறந்த ரிச்சர்டின் கல்லறை காணாமற் போயிருந்தது. 2012இல் லெஸ்டரில் ஒரு வாகனத் தரிப்பிடத்தின் அடியில் எலும்புக்கூடு கிடைத்தது. அவருடைய சகோதரியின் தாய்வழிச் சந்ததி ஆவணங்களில் தொடர்ந்ததால்தான் மரபணு பேசியது. 2015இல் அடக்கம் நடந்தது.

கெப்பெட்டிபொல தொலைந்தவரல்ல, எடுத்துச் செல்லப்பட்டவர். 1818 நவம்பரில் கண்டியில் அவர் தலை வெட்டப்பட்டது. இராணுவ மருத்துவர் ஹென்றி மார்ஷல் அந்த மண்டையோட்டை எடின்பரோவின் கபாலவியல் சங்கத்துக்குக் கொடுத்தார். மண்டையின் வடிவத்தில் குணத்தைப் படிக்கலாம் என நம்பிய சங்கம் அது. சுதந்திரத்துக்குப் பின் மண்டையோடு கண்டிக்குத் திரும்பியது. இங்கே அடையாளத்துக்கு ஆதாரம் கைமாறிய வரலாறு. சந்தேகமிருந்தால் முதலில் எடின்பரோ பதிவேடுகளைப் புரட்டுங்கள். ஒப்பிட உறுதியான தாய்வழி உறவு இல்லாமல் எலும்பைத் துளைத்து என்ன பயன்?

ஊவாவுக்குக் கடன் உண்டுதான். அது 1818 கிளர்ச்சியின்போது எரிந்த கிராமங்களில் பெயரின்றி மாண்டவர்களுக்கும், பின்னர் மலையகத் தோட்டங்களில் நடுகல் இன்றிப் புதைந்த நம் முன்னோருக்கும் உரியது. மரபணுச் செலவுக்குப் பணமிருந்தால், முதலில் தோட்ட மயானங்களைப் பதிவு செய்வோம்.