தாய் அளித்த தூரிகை

1925ஆம் ஆண்டு செப்டம்பர் 17 அன்று மெக்சிகோ நகரில் டிராம் வண்டி ஒன்று பேருந்தின்மீது மோதியது. பேருந்தில் இருந்த 18 வயது மாணவி ஃபிரீடா காலோவின் முதுகெலும்பும் இடுப்பெலும்பும் முறிந்தன. மருத்துவம் பயில விரும்பிய அவருக்கு, மாதக்கணக்கில் அசையாது படுத்திருக்க நேர்ந்தது.

தாயார் மனந்தளரவில்லை. படுத்தவாறே வரைவதற்கு ஏற்ற ஓவியத் தாங்கியைச் செய்வித்தார். தந்தையின் வண்ணப்பெட்டி மகளின் கைக்கு வந்தது. படுக்கைக்கு மேலே பொருத்திய கண்ணாடியில் தெரிந்த தம் முகத்தையே ஃபிரீடா வரையலானார்.

பின்னர் எழுந்து நடந்தார், உலகறிந்த ஓவியரானார். 1954இல் உயிர் பிரியும்வரை வலி அவரை விட்டு முற்றும் நீங்கவில்லை. ஆயினும், அவ்வலியைத் தாங்கி வாழ ஓவியம் துணைநின்றது.

நோயுற்றோருக்கு மருந்தும் உணவும் அளிப்போர், அவர்தம் மனத்துக்கு உகந்த பணி ஒன்றையும் தேடி அளித்தல் நலம்.