சாவி கொடுத்த பிறகு யார் பொறுப்பு?

இளம்பிள்ளையில் ஒரு வீட்டைப் பற்றிப் பேசினால் எத்தனை அறை என்ற பேச்சு பிறகுதான் வரும். தறி எங்கே நிற்கும், பாவு ஏற்ற இடம் போதுமா, தார் சுற்றுகிறவர் உட்காரும் மூலைக்கு வெளிச்சம் வருமா என்பவையே முதலில் வரும் கேள்விகள். சேலம் மாவட்டத்தில் கஞ்சமலைப் பக்கம் இருக்கும் இந்தப் பேரூராட்சியிலிருந்தும் சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்தும் சேலைகள் தமிழ்நாட்டின் மூலைமுடுக்கெல்லாம் போகின்றன. அந்தச் சேலைகளை நெய்யும் பலருக்குப் பட்டறையும் வீடும் ஒன்றுதான். அம்மா சமைக்கும் இடத்துக்கும் அப்பா தறி ஓட்டும் இடத்துக்கும் நடுவே ஒரு சுவர் இருந்தாலே பெரிது.

இப்படிப்பட்ட குடும்பம் ஒன்றுக்கு அரசின் அடுக்குமாடிக் குடியிருப்பில் மூன்றாவது மாடியில் வீடு கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அங்கே தறிக்குழி தோண்ட முடியாது. விசைத்தறியின் அதிர்வுக்கென்று அந்தத் தளம் கட்டப்பட்டதும் இல்லை. கைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 300 யூனிட், விசைத்தறிக்கு 1,000 யூனிட் என்று 2023இல் உயர்த்தப்பட்ட இலவச மின்சாரம் தறி ஓடும் இணைப்புக்குத்தான் உண்டு. தறி கீழே யாரோ ஒருவரின் வாடகைக் கொட்டகையில் நிற்க, குடும்பம் மேலே குடியிருந்தால், வீடு கிடைத்த மகிழ்ச்சியை வாடகையும் அலைச்சலும் தின்றுவிடும். கொஞ்ச நாளில் அந்தக் குடும்பம் வீட்டைப் பூட்டிவிட்டுப் பழைய தெருவுக்கே திரும்பும். கோப்பில் அது ‘பயனாளி குடியேறவில்லை’ என்று பதிவாகும்.

இந்தக் கேள்விகளை ஒதுக்கீட்டு ஆணை அச்சாவதற்கு முன்பே கேட்க வேண்டியவர் யார்? பொறியாளர் வரைபடம் போடுகிறார், ஒப்பந்ததாரர் கட்டுகிறார், அதிகாரி சாவி கொடுக்கிறார். அந்தச் சாவியை வாங்கிய மக்களோடு அடுத்த முப்பது வருடம் இருந்து குடியிருப்பை நடத்துவதைத் தன் தொழிலாகக் கொண்ட ஒருவர் இந்த வரிசையில் இல்லை. ஏழைகளுக்கான வீடுகளை நிர்வகிப்பதைத் தமிழ்நாடு இன்னும் ஒரு தொழிலாகவே அங்கீகரிக்கவில்லை. அதைத் தொழிலாக்கி, அதில் சேருகிற இளைஞர் இந்த வீடுகளைக் கட்டும் அரசு வாரியத்தின் உச்சி வரை ஏறுவதற்குப் படிகள் போட்டுத் தர வேண்டிய நேரம் எப்போதோ வந்துவிட்டது.

இந்தத் துறையில் தமிழ்நாட்டுக்குப் பழம்பெருமை உண்டு. குடிசைவாசிகளுக்கென்று தனி வாரியத்தை 1970லேயே தொடங்கிய மாநிலம் இது. முதல்வர் கருணாநிதி தொடங்கிய குடிசை மாற்று வாரியத்துக்கு முதல் தலைவராக இருந்தவர் எழுத்தாளரும் அரசியல்வாதியுமான இராம. அரங்கண்ணல். அடுத்த ஆண்டே குடிசைப் பகுதிகளுக்கான சட்டமும் வந்தது. 2021இல் அந்த வாரியம் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் ஆனது. ஐம்பது வருடத்தில் லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளைக் கட்டியிருக்கிறது. சென்னைக்குத் தெற்கே பெரும்பாக்கத்தில் மட்டும் 20,000க்கும் அதிகமான வீடுகள். பக்கத்திலேயே கண்ணகி நகர், எழில் நகர். இவை ஒவ்வொன்றும் ஒரு நடுத்தர நகரம்.

இளம்பிள்ளை மாதிரி ஒரு சிறிய பேரூராட்சிக்கே செயல் அலுவலர் இருக்கிறார், தலைவர் இருக்கிறார், வார்டுக்கு ஒரு கவுன்சிலர் இருக்கிறார். தண்ணீர் வரவில்லையென்றால் யார் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். அதைப்போலப் பல மடங்கு மக்கள் வாழும் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் லிஃப்ட் நின்றுவிட்டால், எட்டாவது மாடியில் இருக்கும் நிறைமாதக் கர்ப்பிணி யாரிடம் போவார்?

வாரியத்தில் ஆட்களே இல்லை என்று சொல்வது அநியாயம். பொறியாளர்கள் இருக்கிறார்கள். தவணையும் வாடகையும் வசூலிக்கும் எஸ்டேட் பிரிவு இருக்கிறது. மக்களோடு பழகிப் பணி செய்யச் சமுதாய வளர்ச்சிப் பிரிவும் பல வருடங்களாக இருக்கிறது. அதில் மனம் தளராமல் உழைத்த அலுவலர்கள் பலர். ஆனால் இந்த மூன்றும் மூன்று கிளைகள். ஒரு குடியிருப்பின் பணம், கட்டடம், மனிதர்கள் மூன்றையும் ஒருசேரக் கையில் வைத்து, அதற்குப் பதில் சொல்லும் பொறுப்பு ஒருவரிடமும் இல்லை. மேலே நிர்வாக இயக்குநராக வருபவர் ஐஏஎஸ் அதிகாரி. நல்ல அதிகாரி வந்து குடியிருப்புகளைச் சுற்றிப் பார்த்து விஷயத்தைப் பிடித்துக்கொள்ளும் நேரத்தில் இடமாற்ற உத்தரவு வந்துவிடும். அடியில் இருந்து மேலே வந்தவர், இருபது வருடம் இதே வேலையில் ஊறியவர் என்று முடிவெடுக்கும் மேசையில் ஒருவரும் உட்காருவதில்லை.

இதன் விலை என்ன என்பதை 2021ஆம் ஆண்டு இரண்டு முறை காட்டியது. ஆகஸ்டில் சென்னை புளியந்தோப்பு கே.பி. பார்க் குடியிருப்பில், புத்தம் புதுக் கட்டடத்தின் பூச்சு கை பட்டாலே உதிர்ந்ததைத் தமிழகமே தொலைக்காட்சியில் பார்த்தது. சென்னை ஐஐடி ஆய்வு செய்ய வேண்டியதாயிற்று. டிசம்பர் 27ஆம் தேதி திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் வாரியத்தின் பழைய கட்டடம் ஒன்று இடிந்து விழுந்து 24 வீடுகள் தரைமட்டமாயின. உயிர்ச்சேதம் இல்லை. விரிசலைப் பார்த்துச் சந்தேகப்பட்ட மக்களும் உள்ளூர்க்காரர்களும் எல்லோரையும் வெளியே கொண்டுவந்ததால் தப்பித்தார்கள். சுவர் பேசும் மொழி அங்கே குடியிருப்பவர்களுக்குத்தான் முதலில் புரிகிறது. அதைக் கேட்டு அன்றைக்கே முடிவெடுக்கும் அதிகாரம் உள்ள ஒரு நிர்வாகி அந்த வளாகத்திலேயே இருந்திருந்தால், விரிசல் அந்த அளவுக்குப் போகும்வரை காத்திருக்க வேண்டியிருந்திருக்காது.

அதே ஆண்டு அரசு ‘நம் குடியிருப்பு நம் பொறுப்பு’ என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. குடியிருப்போர் நலச் சங்கம் அமைத்து மாதப் பராமரிப்புக் கட்டணம் வசூலித்தால் வாரியம் அதற்கு ஈடான பங்கைத் தரும். மனதாரப் பாராட்ட வேண்டிய திட்டம் இது. மக்களை மனுதாரர்களாக மட்டும் பார்க்காமல் பொறுப்பாளர்களாகப் பார்க்கிறது. ஆனால் சங்கச் செயலாளர் யார்? பகலெல்லாம் வீட்டு வேலைக்கோ கட்டட வேலைக்கோ போய்விட்டு இரவில் வந்து ரசீது எழுதும் ஒரு பெண். லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தத்தை எப்படிப் படிப்பது, மோட்டார் எரிந்துபோனால் எந்த விலை நியாயம், கட்டணம் கட்ட முடியாத விதவையை என்ன செய்வது, கிரயப் பத்திரம் வராதவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்று எல்லாம் அவர் தலையில். சம்பளமும் பயிற்சியும் இல்லாமல் ஒருவரிடம் முப்பது வருடத்துச் சொத்தை ஒப்படைப்பது பொறுப்பைப் பகிர்வது ஆகாது. அவருக்குப் பக்கபலமாகத் தொழில் தெரிந்த ஒரு நிர்வாகி வேண்டும். இன்னொன்றும் வேண்டும்: அந்தப் பெண்ணே நாளை நிர்வாகியாக வழி.

இந்தத் தொழிலின் தொடக்கமே பெண்களிடம்தான் இருக்கிறது. லண்டனில் ஆக்டேவியா ஹில் 1865இல் ஜான் ரஸ்கின் கொடுத்த பணத்தில் மேரிலபோன் பகுதியில் மூன்று பாழடைந்த வீடுகளை எடுத்து நடத்தத் தொடங்கினார். வாரா வாரம் வாடகை வாங்க நேரில் போவார். அந்தச் சாக்கில் ஒழுகும் கூரையையும் வேலையிழந்த தகப்பனையும் பள்ளிக்குப் போகாத பிள்ளையையும் பார்த்துவிடுவார். பணம் போட்டவருக்கு ஐந்து சதவீத வருமானம் போக மிஞ்சியதைக் குடியிருப்பவர்கள் விருப்பப்படியே வீட்டு மேம்பாட்டுக்குச் செலவழித்தார். தன்னைப் போலப் பெண்களைப் பயிற்றுவித்து ஒரு படையையே உருவாக்கினார். ஏழைகளிடம் அவர் காட்டிய கண்டிப்பை இன்று எல்லோரும் ஏற்க மாட்டார்கள். ஆனாலும் வாடகை வசூலும் பழுதுபார்ப்பும் மனித உறவும் ஒரே ஆளின் வேலை என்று அவர் போட்ட அடித்தளத்தின் மேல்தான் பிரிட்டனில் வீட்டு நிர்வாகம் என்ற தொழில் எழுந்தது.

அந்த நாடும் வழுக்கி விழுந்தது. 2017 ஜூன் 14 அன்று லண்டனில் கிரென்ஃபெல் கோபுரம் எரிந்து 72 பேர் இறந்தார்கள். தீ விபத்து வரும் என்று குடியிருப்பவர்கள் அதற்கு முந்தைய ஆண்டே எழுத்தில் எச்சரித்திருந்தார்கள், கேட்க ஆளில்லை. அதன் பிறகு நடந்த நீண்ட விவாதத்தின் பலனாக 2023இல் ஒரு சட்டம் வந்தது. அரசு உதவி பெறும் வாடகை வீடுகளை நடத்தும் நிறுவனங்களின் மூத்த நிர்வாகிகள் அந்தத் தொழிலுக்குரிய தகுதிப் படிப்பை முடித்திருக்க வேண்டும், அல்லது படித்துக்கொண்டிருக்க வேண்டும் என்பது அதில் ஒரு விதி. மருத்துவமனையை நடத்துவது போலவே ஏழைகளின் வீட்டை நடத்தவும் படிப்பும் தகுதியும் தேவை என்று ஒரு நாடு சட்டத்தில் எழுதிவைக்க 72 உயிர்கள் போக வேண்டியிருந்தது. நாம் அதுவரை காத்திருக்க வேண்டாம்.

தமிழர்களுக்கு நெருக்கமான உதாரணம் சிங்கப்பூர். 1960இல் தொடங்கிய வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய வீடுகளில்தான் அந்நாட்டு மக்களில் பெரும்பாலோர் வாழ்கிறார்கள். அங்கே தமிழர்கள் வாழும் வீடுகளும் பெரும்பாலும் அவையே. 1988இல் நகர மன்றச் சட்டம் வந்து பராமரிப்பு நகர மன்றங்களின் கைக்குப் போனது. ஒவ்வொரு மன்றத்துக்கும் பொது மேலாளர், அவருக்குக் கீழே சொத்து மேலாளர்கள், அதிகாரிகள் என்று முழுநேரத் தொழில் வரிசை உண்டு. குடியிருப்பவர்கள் கட்டும் மாதக் கட்டணத்தில் ஒரு பகுதி, பின்னாளில் வரப்போகும் லிஃப்ட் மாற்றத்துக்கும் கூரைப் பழுதுக்கும் தனி நிதியில் சேர்கிறது. அந்தக் காலத்தில் தேசிய வளர்ச்சி அமைச்சராக இருந்து, 1989இல் எல்லா இனத்தவரும் ஒரே அடுக்கில் கலந்து வாழும் கொள்கையை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் எஸ். தனபாலன். ஒரு தமிழர் அந்தப் பொறுப்பை அங்கே ஏற்றிருக்கிறார் என்பதைச் சேலம் மாவட்டப் பள்ளிப் பிள்ளைகள் தெரிந்துகொள்வது நல்லது.

சிங்கப்பூர் பணக்கார நாடு, நமக்கு ஒத்துவராது என்பவர்கள் ஆமதாபாத்தைப் பார்க்கலாம். சுயதொழில் செய்யும் பெண்களின் சேவா இயக்கத்திலிருந்து 1994இல் பிறந்த மகிளா ஹவுசிங் டிரஸ்ட், வீட்டிலிருந்தே வேலை செய்யும் ஏழைப் பெண்களுக்கு வீடுதான் பட்டறை என்பதை அடிப்படையாக வைத்தே வேலை செய்கிறது. குடிசைப் பகுதிப் பெண்களையே பயிற்றுவித்து, குடிநீர், கழிவறை, மின் இணைப்பு, பட்டா என்று அதிகாரிகளோடு பேசி வாங்கும் தலைவிகளாக்கியிருக்கிறது. பீடி சுற்றும் பெண்ணுக்கும் அகர்பத்தி உருட்டும் பெண்ணுக்கும் பொருந்தியது, தார் சுற்றும் இளம்பிள்ளைப் பெண்ணுக்குப் பொருந்தாமல் போகுமா?

சேலத்துக்காரர்களுக்கு இதில் ஒரு முன்னோடி கண்ணெதிரே நிற்கிறது. நெசவு பரம்பரைத் தொழில்தானே, அதற்கு எதற்குப் படிப்பு என்று அரசு விட்டுவிடவில்லை. சேலத்தில் இந்தியக் கைத்தறித் தொழில்நுட்பக் கழகம் 1960இலிருந்து நடக்கிறது. நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் அங்கே டிப்ளமோ முடித்து, கைத்தறித் துறையிலும் கூட்டுறவுச் சங்கங்களிலும் ஜவுளி ஆலைகளிலும் வேலைக்குச் சேர்ந்து மேலே போயிருக்கிறார்கள். தறிக்கு அறுபது வருடத்துக்கு முன்பே இது கிடைத்தது. தறி நிற்கும் வீட்டுக்கு இன்னும் கிடைக்கவில்லை.

அதை உருவாக்கப் புதிதாகப் பல்கலைக்கழகம் தேவையில்லை. சென்னை சமூகப் பணிக் கல்லூரியில் 1952 முதல் சமூகப் பணி கற்பிக்கிறார்கள். அரசு பாலிடெக்னிக்குகளில் கட்டடப் பொறியியல் இருக்கிறது. சேலத்தில் பெரியார் பல்கலைக்கழகம் இருக்கிறது. இவற்றைச் சேர்த்து, கட்டடப் பராமரிப்பு, கணக்கு, குடியிருப்புச் சட்டம், மக்கள் பணி நான்கும் கலந்த ஈராண்டுப் படிப்பு ஒன்றை வாரியமே முன்னின்று தொடங்கலாம். அதில் பாதி இடங்களை வாரியக் குடியிருப்புகளில் வளர்ந்த பிள்ளைகளுக்கும், சங்கங்களை நடத்திய பெண்களுக்கும் ஒதுக்க வேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. மேல்நிலைத் தொட்டி எப்போது காலியாகும், எந்தப் படிக்கட்டில் விளக்கு எரியாவிட்டால் பெண்கள் இறங்கப் பயப்படுவார்கள் என்று அவர்களுக்குத் தெரிந்ததை எந்த வகுப்பிலும் சொல்லிக் கொடுக்க முடியாது.

படித்து வந்தவர் எங்கே போவார் என்பதும் அவ்வளவு முக்கியம். முதலில் ஒரு வளாகத்தின் நிர்வாகி, பிறகு சில வளாகங்களுக்கு மேலாளர், பிறகு மண்டலப் பொறுப்பு, கடைசியில் வாரியத்தின் உயர் நிர்வாகத்தில் ஓர் இடம். இந்தப் பாதை பணி விதிகளில் எழுதப்பட வேண்டும். ஒரு வளாகத்தில் குறைந்தது மூன்று வருடம் இருக்க வேண்டும். அஸ்திவாரம் போடும்போதே நியமிக்கப்பட வேண்டும். அப்போதுதான் நெசவு ஊரில் கட்டப்படும் குடியிருப்பின் தரைத்தளத்தைத் தறிக்கூடமாக விடுங்கள் என்று சொல்ல ஒரு குரல் இருக்கும். மேல்மாடி முடிந்த பிறகு அதைச் சொல்லிப் பயனில்லை.

இன்னொரு அதிகாரி அடுக்கா, செலவு யார் தருவது என்று நிதித்துறை கேட்கும். நியாயமான கேள்விதான். பராமரிக்காமல் விட்ட பழைய குடியிருப்புகளை இன்று இடித்துவிட்டு மறுபடி கட்டுகிறோம். 1997இல் அறிவிக்கப்பட்டு, ஊருக்கு 100 வீடு என்று கட்டப்பட்ட சமத்துவபுரங்களைச் சீரமைக்கவும் தனியாக நிதி ஒதுக்க வேண்டியிருந்தது. அந்தச் செலவு வரும்போது யாரும் கேள்வி கேட்பதில்லை. கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் 2030க்குள் 8 லட்சம் வீடுகள் என்று கிராமங்களுக்கும் இலக்கு வைத்திருக்கிறோம். நகரங்களில் பிரதமர் வீட்டுவசதித் திட்டத்தின் இரண்டாம் கட்டம் 2024இல் தொடங்கிவிட்டது. இத்தனை வீடுகளுக்கு ஒதுக்கும் பணத்தில் நூற்றில் ஒரு பங்கை நிர்வாகிகளை உருவாக்க எடுத்துவைத்தால் கஜானா காலியாகிவிடாது.

சட்டமன்றத்தில் வீட்டுவசதித் துறை மானியக் கோரிக்கை வரும்போது எத்தனை வீடு என்ற எண்ணிக்கையை எல்லாக் கட்சி உறுப்பினர்களும் கேட்கிறார்கள். சேலம், நாமக்கல் மாவட்ட உறுப்பினர்கள் அடுத்த முறை இன்னொன்றையும் கேட்கட்டும்: ஒவ்வொரு குடியிருப்புக்கும் நிர்வாகி யார், அவருக்கு என்ன பயிற்சி, அந்தப் பதவிகளில் எத்தனை இடம் அதே குடியிருப்புப் பிள்ளைகளுக்கு. அமைச்சரின் பதிலுரையில் இந்த மூன்றுக்கும் எண்ணிக்கையோடு பதில் வர வேண்டும்.