ஓராண்டுக் கொடை போதுமா?

பொங்கல் விழாக் கணக்கில் இம்முறை ஒரு சிறு தொகை மிஞ்சியிருக்கிறது. அதனைக்கொண்டு தர்மசாலாவிலுள்ள திபெத்தியக் குழந்தைகள் கிராமத்தில் ஒரு குழந்தையின் பராமரிப்பை நம் சங்கம் ஏற்கவேண்டும் என்று அன்பர் சிலர் எழுதியுள்ளனர். எண்ணம் போற்றத்தக்கது. ஆயினும் நமக்கு ஒரு தயக்கம் உண்டு.

அவ்வில்லம் தோன்றிய வரலாறு நெஞ்சை உருக்குவது. 1959-இல் தலாய் லாமாவைத் தொடர்ந்து அடைக்கலம் தேடி வந்தவர்களுள் பலர் இமயமலைச் சாரலில் சாலை போடும் வேலையில் அமர்ந்தனர். கூடாரங்களில் தங்கிய அவர்தம் மக்கள் நோயினாலும் பசியினாலும் நலிந்தனர். 1960 மே 17-ஆம் நாள் ஜம்முப் பகுதிச் சாலைப்பணி முகாம்களிலிருந்து 51 குழந்தைகள் தர்மசாலா வந்து சேர்ந்தனர். தலாய் லாமாவின் தமக்கையார் செரிங் டோல்மா அவர்களைப் பேணினார். 1964-இல் அவ்வம்மையார் மறைந்தபின் தங்கை ஜெட்சுன் பேமா பொறுப்பேற்று 2006 வரை நடத்தினார்.

எட்டு வயதானவர்களை வேறு உறைவிடப் பள்ளிகளுக்கு அனுப்புவதே முதலில் வழக்கம். அங்கும் இடம் நெருக்கடியானபோது இங்கேயே பள்ளியும் எழுந்தது. குழந்தைகளை வீடு வீடாகப் பிரித்து, ஒவ்வொரு வீட்டிற்கும் ஒரு தாயை அமர்த்தினர். 1972-இல் ஆஸ்திரியாவில் பிறந்த எஸ்.ஓ.எஸ். குழந்தைகள் கிராம இயக்கத்தில் இந்நிறுவனமும் உறுப்பாயிற்று. கீழ்வகுப்புகளில் தாய்மொழியே பயிற்றுமொழி. தம் நாடின்றி வாழ்வோர் இதனைச் செய்கின்றனர். வீட்டுக்குள்ளும் இந்தி பேசும் நம் பிள்ளைகளை நினைத்துக்கொண்டோம். அது இருக்கட்டும்.

இத்தகைய இல்லங்கள் பெரும்பாலும் வெளிநாட்டு அன்பர்களின் ஆதரவால் நடப்பவை. ஒருவர் ஒரு குழந்தையின் செலவை ஏற்பார்; குழந்தையின் படமும் கடிதமும் அவருக்குப் போகும். இம்முறையில் மனங்கள் நெருங்குகின்றன. ஆனால் ஆதரவாளர் மூப்பெய்தினாலோ, மனம் மாறினாலோ, குழந்தையின் பசி குறைவதில்லை. படத்தில் சிரிக்கும் குழந்தைக்கு ஆதரவாளர் கிடைப்பார். ஒழுகும் கூரைக்கும், சமையற்காரர் சம்பளத்திற்கும் யார் கிடைப்பார்? மேலும், அயல்நாட்டுப் பணம் பெற 2010-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பதிவு வேண்டும். 2020-இல் வந்த திருத்தத்தின்படி அப்பணம் தில்லியிலுள்ள ஸ்டேட் வங்கிக் கிளை ஒன்றின் வழியாகவே வரவேண்டும். பதிவு தடைப்பட்டால் வரவும் தடைப்படும். உள்நாட்டுக் கொடைக்கு இந்தத் தொல்லை இல்லை. நம் ரூபாய்க்கு உள்ள மதிப்பு அதுவே.

இன்னொரு மாற்றமும் உண்டு. 2008-க்குப் பின் திபெத்திலிருந்து புதிதாக வருவோர் மிகமிகக் குறைந்துவிட்டனர். பிள்ளைகள் குறைந்தாலும் விடுதியின் பழுதுச் செலவு அந்த அளவுக்குக் குறையாது. வட்டி மட்டும் செலவாகும் மூலதன நிதியும், அங்கே படித்து முன்னேறியவர்களின் பங்களிப்புமே எந்த இல்லத்தையும் நெடுங்காலம் தாங்கும் என்பது நம் கருத்து.

நம் தயக்கத்தின் காரணத்தை இப்போது சொல்லவேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவனின் கட்டணத்தை நம் சங்கம் ஏற்றது. முதலாண்டு விழா மேடையில் அறிவித்தோம், கைதட்டலும் பெற்றோம். இரண்டாம் ஆண்டு பணம் சென்றது. மூன்றாம் ஆண்டு நிருவாகிகள் மாறினர், யாருக்கும் நினைவில்லை. ஏன் பணம் வரவில்லை, தன்மேல் ஏதும் வருத்தமா என்று கேட்டு அப்பையன் எழுதிய கடிதம் நம் அலுவலக அலமாரியில் இன்றும் இருக்கிறது. அதற்கு நாம் பதில் எழுதவில்லை.

ஆகவே இரண்டிலொன்று செய்யலாம். பத்தாண்டுகள் தொடர்ந்து தருவதாகப் பத்துக் குடும்பங்களேனும் எழுத்தில் உறுதி தரட்டும். அப்போது ஒரு குழந்தையை ஏற்போம். இல்லையேல், குழந்தையின் பெயரும் வேண்டாம், படமும் வேண்டாம். கையிலுள்ள தொகையைப் பொதுச் செலவுக்கென நிபந்தனையின்றி அனுப்பிவிடுவோம். வரும் பொதுக்குழுவில் இது முடிவாகும். உறுதி தர விரும்பும் குடும்பத்தார் அதற்குள் செயலாளரிடம் பெயர் கொடுக்க வேண்டுகிறோம்.