கையால செய்ததாம்! யாற்ற கையால?

டிசெம்பர் லீவு தொடங்கினால் கொழும்பிலும் சென்னையிலும் ரொறன்ரோவிலும் ஒரேமாதிரி விளம்பரங்கள் வரத் தொடங்கும். உங்கள் பிள்ளை தன் கையாலேயே ஒரு கண்ணாடிப் பரிசு செய்யலாம், இரண்டு மணித்தியாலம் போதும், பொருட்கள் எல்லாம் நாங்களே தருவோம் என்று. கண்ணாடி நட்சத்திரம், ஜன்னலில் தொங்கவிடுகிற மீன், அம்மம்மாவுக்கு ஒரு குட்டித் தட்டு. முடிவில் நூலில் கட்டிய ஒரு சின்ன அட்டை: ‘கையால் செய்தது’.

எனக்குச் சண்டை அந்த அட்டையோடுதான். பிள்ளைகளோடு இல்லை, கண்ணாடியோடும் இல்லை. ‘கையால் செய்தது’ என்ற சொல் ஒரு கையைக் காட்டி மற்றக் கைகளை எல்லாம் மறைத்துவிடுகிறது. மறைகிற கைகள் பெரும்பாலும் எங்கட மாதிரி ஊர்களின் கைகள்.

கப்பல்துறையில இருந்துகொண்டு இவனுக்கு ஏன் கண்ணாடிப் பட்டறையைப் பற்றிக் கதை என்று கேட்பீர்கள். திருகோணமலை உல்லாசப் பயணிகள் வருகிற மாவட்டம். இன்றைக்குத் திமிங்கிலம் காட்டப் படகு போகிறது, புறாமலைக்குப் படகு போகிறது. நாளைக்கு நிலாவெளியிலோ உப்புவெளியிலோ ‘கைவினை அனுபவம்’ என்று ஒரு பலகை தொங்கும். அது கண்டி வீதியால எங்கட பக்கமும் வரும். வந்த பிறகு புலம்பிப் பிரயோசனம் இல்லை. எப்படி வரவேண்டும் என்று இப்பவே கதைப்பம்.

முதலில் அந்த இரண்டு மணித்தியாலத்தில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். இந்தப் பட்டறைகளில் பெரும்பாலும் நடப்பது கண்ணாடியை உருக்கி ஒட்டும் வேலை. நிறக் கண்ணாடித் தகடுகளை யாரோ முன்கூட்டியே துண்டு துண்டாக வெட்டி வைத்திருப்பார்கள். பிள்ளை அவற்றை ஒரு அடித்தகட்டின் மேல் அடுக்கும், பசை வைக்கும், சிரிக்கும், படம் எடுக்கும், வீட்டுக்குப் போகும். உண்மையான வேலை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. தட்டுகளைச் சூளைக்குள் அடுக்க வேண்டும். சூடு சுமார் 750 முதல் 800 பாகை செல்சியஸ் வரை மெதுவாக ஏற வேண்டும். பிறகு 500 பாகைக்குக் கிட்ட இறக்கி, அங்கேயே கொஞ்ச நேரம் பிடித்து வைக்க வேண்டும். அவசரப்பட்டு ஆறவிட்டால் கண்ணாடிக்குள் இறுக்கம் தங்கிவிடும். ஒரு கிழமை கழித்து மேசையில் இருந்தபடியே ‘டப்’ என்று வெடிக்கும். வெவ்வேறு அளவில் விரியும் இரண்டு கண்ணாடிகளைத் தெரியாமல் சேர்த்தாலும் அதே கதிதான். இரவிரவாகச் சூளை ஓடும். விடிந்ததும் ஒருவர் ஓரங்களைத் தேய்ப்பார். அதுவும் தண்ணீர் ஊற்றித்தான் தேய்க்க வேண்டும், இல்லையென்றால் அந்தத் தூள் நெஞ்சுக்குள் போகும்.

வெட்டினவர், சூளை பார்த்தவர், தேய்த்தவர் ஒருவருடைய பெயரும் அந்த அட்டையில் இல்லை. பிள்ளை அடுக்கினது உண்மை. ஆனால் அந்தத் தட்டு உடையாமல் அம்மம்மாவின் கைக்குப் போய்ச் சேர்ந்ததற்குக் காரணம் வேறு ஆட்கள்.

இது புதுப் பழக்கம் இல்லை. நத்தார் மரத்தில் தொங்கும் கண்ணாடி உருண்டையின் கதையை எடுங்கள். ஜேர்மனியின் துரிங்கியா மலைப்பகுதியில் லௌஷா என்று ஒரு ஊர். 1597இல் அங்கே கண்ணாடி உலை தொடங்கியது. 19ஆம் நூற்றாண்டில் அந்த ஊர்க் குடும்பங்கள் வீட்டுக்குள்ளேயே விளக்குச் சுடரில் கண்ணாடி ஊதின. 1867இல் ஊருக்கு எரிவாயு வந்த பிறகு சுடரைக் கட்டுப்படுத்துவது சுலபமானது, மெல்லிய பெரிய உருண்டைகள் பிறந்தன. தகப்பன் ஊதுவார். தாய் உள்ளே வெள்ளிக் கரைசல் ஊற்றிக் குலுக்குவார். பிள்ளைகள் நிறம் தீட்டுவார்கள், மூடி போடுவார்கள், பெட்டியில் அடுக்குவார்கள். பெண்கள் அவற்றைக் கூடையில் முதுகிலே சுமந்து சொனபேர்க் வணிகர்களிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். விலையைச் சொன்னது வணிகர்கள். 1880 அளவில் அமெரிக்கக் கடைக்காரர் உல்வேர்த் இவற்றை வாங்கி விற்கத் தொடங்கினார், அந்த வியாபாரம் பெருத்தது. இன்றைக்கு உலகம் முழுக்கப் பண்டிகையின் அழகு என்று கொண்டாடப்படுகிற பொருள், ஒரு வீட்டின் முழுக் குடும்பமும், பிள்ளைகளும் சேர்த்து, டசின் கணக்கில் உழைத்துக் கொடுத்த பொருள். அங்கேயும் பிள்ளைகள் கையால்தான் செய்தார்கள். அவர்களுக்கு அது லீவு இல்லை.

அது ஐரோப்பா, அது பழைய கதை என்று தள்ளவேண்டாம். பத்திரகாளி அம்மன் கோயில் திருவிழாக் கடைகளில் தொங்கும் கண்ணாடிக் காப்புகளைப் பாருங்கள். இந்தியாவின் கண்ணாடி வளையல்களில் மிகப் பெரும்பகுதி உத்தரப் பிரதேசத்தின் பிரோசாபாத்தில் செய்யப்படுகிறது. உலையில் இருந்து சுருளாக வரும் கண்ணாடியை வெட்டினால் ஒவ்வொரு வளையலும் வாய் திறந்தபடிதான் இருக்கும். அந்த இரண்டு முனைகளையும் சுடரில் காட்டி ஒட்டுகிற வேலை வீடுகளுக்குப் போகிறது. சின்ன அறை, காற்றாடி போட முடியாது, போட்டால் சுடர் அலையும். பெண்கள் குனிந்திருந்து ஒட்டுகிறார்கள். கூலி ஒரு காப்புக்கு இல்லை, ஏறத்தாழ 300 வளையல் கொண்ட ஒரு கட்டுக்கு. பல பத்தாண்டுகளாக அங்கே பிள்ளைகள் வேலை செய்வதைப் பற்றி எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். அந்தக் காப்புக்கு யாராவது ‘கையால் செய்தது’ என்று அட்டை கட்டினார்களா? இல்லை. அது ‘மலிவுக் காப்பு’. அங்காலே ஒரு பிள்ளை இரண்டு மணித்தியாலம் அடுக்கின தட்டு மட்டும் ‘கைவினை’. ஒரே நெருப்பு, ஒரே கண்ணாடி. காசு கொடுத்துச் செய்தால் கலை, காசுக்காகச் செய்தால் கூலிவேலை. இந்தக் கணக்கைத்தான் நான் ஏற்கமாட்டேன் என்கிறேன்.

இன்னொரு பொய்யையும் உடைக்க வேண்டும். கண்ணாடிக் கலை வெள்ளைக்காரன் கொண்டுவந்தது, எங்களுக்கு அந்நியம் என்ற பொய். புதுச்சேரிக்குப் பக்கத்திலே அரிக்கமேட்டில் 1945இல் வீலர் அகழாய்வு செய்தார். அது கண்ணாடி மணி செய்த ஊர் என்பது இன்றைக்கு உலகம் ஒத்துக்கொண்ட விசயம். உருகிய கண்ணாடியைக் குழாயாக இழுத்து, துண்டுதுண்டாக வெட்டிச் செய்த அந்தச் சின்ன மணிகள் தென்கிழக்காசியா வரை கடல் கடந்து போயின. மன்னாரின் மாந்தையிலும், அதாவது திருக்கேதீச்சரம் இருக்கிற அதே மண்ணில், 1980களின் அகழாய்வுகளில் கண்ணாடி மணிகள் எடுக்கப்பட்டன; மணி செய்த இடங்களின் வரிசையில் அதையும் ஆய்வாளர்கள் சேர்க்கிறார்கள். ஆந்திராவில் சிறீகாளஹஸ்திக்குக் கிட்ட பாப்பாநாயுடுபேட்டை என்ற ஊரில் அந்த இழுத்துச் செய்யும் முறை எங்கட காலம் வரைக்கும் உயிரோடு வந்திருக்கிறது. ஆகவே ஒரு திருகோணமலைப் பிள்ளை கண்ணாடியைத் தொட்டால் அது வெளிநாட்டு விளையாட்டு இல்லை. இந்தக் கரைகளின் தொழில் அது. ஆனால் எந்த லீவுப் பட்டறையில் இதைச் சொல்லிக் கொடுக்கிறார்கள்?

இப்ப எங்கட வீட்டுக்கு வருவம். எங்கட மாவட்டத்தில் இன்னொரு வகைப் பட்டறையும் உண்டு, அதற்கு ‘வாழ்வாதாரப் பயிற்சி’ என்று பெயர். போர் முடிந்த பிறகு எத்தனை நடந்தன என்று உங்கட அம்மாவிடம், மாமியிடம், பக்கத்து வீட்டு அக்காவிடம் கேளுங்கள். கண்ணாடியில் நிறம் தீட்டல், மணிமாலை கோர்த்தல், மெழுகுதிரி, துணிப்பூ. மூன்று நாள் வகுப்பு, மதியச் சாப்பாடு, சான்றிதழ், பதாகைக்குக் கீழே ஒரு குழுப்படம். நாலாம் நாள் நிறம் வாங்க எங்கே போவது? செய்ததை எங்கே விற்பது? சொல்லிக்கொடுத்தவர்கள் அதற்குள் அடுத்த மாவட்டத்துக்குப் போயிருப்பார்கள். அந்தச் சான்றிதழ்கள் இன்றைக்கும் அலுமாரிகளில் இருக்கின்றன.

இரண்டு பட்டறையையும் பக்கத்தில் வையுங்கள். ஒன்றில் காசுள்ள வீட்டுப் பிள்ளை காசு கட்டி வந்து தொழிலை விளையாட்டாக விளையாடுகிறது. மற்றதில் காசில்லாத பெண்ணுக்கு விளையாட்டைக் கொடுத்துவிட்டு அதைத் தொழில் என்று சொல்கிறார்கள். இரண்டிலும் மிஞ்சுவது ஒரு படம்தான். இரண்டிலும் இல்லாதது நாட்கணக்கான பழக்கம், சொந்தக் கருவி, சந்தை, நியாயமான விலை.

விலை என்றதும் எங்களையும் சும்மா விடமாட்டேன். கோணேஸ்வரத்துக்குப் போகிற வழிக் கடைகளில், பனையோலைப் பெட்டி விற்கிற அம்மாவிடம் நூறு ரூபாய்க்கு அரை மணித்தியாலம் நின்று வாயாடுவோம். “இதென்ன, ஓலைதானே!” அதே நாங்கள் லீவுக்குக் கொழும்புக்குப் போனால், இரண்டு மணித்தியாலப் பட்டறைக்குக் கேட்ட காசை வாய் திறக்காமல் கட்டுவோம், ஏனென்றால் அது ‘அனுபவம்’. அனுபவத்துக்கு ஒரு விலை, அனுபவசாலிக்கு ஒரு விலையா? ஓலை வெட்டி, காயவைத்து, வார்ந்து, சாயம் போட்டு, பின்னி எடுக்கிற கையின் அனுபவம் இருபது முப்பது வருசம். அதற்கு நாங்கள் கொடுக்கிற மரியாதை இதுதான்.

எதிர்க்கேள்வி வரும், தெரியும். “பிள்ளையள் பாவம், லீவிலயும் ரியூசன். இரண்டு மணித்தியாலம் சந்தோசமா இருக்கட்டுமே. இதுக்குள்ளயும் அரசியலா?” முதல் பாதியோடு நான் முழுக்க உடன்படுகிறேன். புலமைப்பரிசில் என்று ஐந்தாம் வகுப்பிலேயே லீவைப் பறிகொடுத்த பிள்ளைகளுக்குக் கையால் ஏதாவது செய்யக் கிடைப்பது பெரிய விசயம். பிள்ளையைச் சூளைக்குப் பக்கத்தில் நிற்பாட்டி வேலை வாங்கச் சொல்லவும் இல்லை. அப்படிச் செய்தால் அது லௌஷாவும் பிரோசாபாத்தும்தான். நான் கேட்பது உண்மையைச் சொல்லச் சொல்லி. சூளை என்ன செய்கிறது, யார் இரவு முழித்திருக்கிறார், ஏன் மெதுவாக ஆறவிட வேண்டும் என்று கேட்ட பிள்ளையின் சந்தோசம் குறையாது, கூடும். அடுத்த முறை ஒரு கண்ணாடிக் காப்பைப் பார்க்கும்போது அந்தப் பிள்ளை ஒட்டின இடத்தைத் தேடும்.

“ஊரில் அதுக்கு வசதி எங்க?” என்றும் கேட்பார்கள். புல்மோட்டை மணல் இருக்கே, கண்ணாடி செய்யலாமே என்று ஒரு பேச்சு அடிக்கடி அடிபடும். அந்த மணல் வேறு. அதில் உள்ளது இல்மனைட், ருட்டைல், சேர்க்கன். கண்ணாடிக்கு வேண்டிய சிலிக்கா மணல் நாத்தாண்டிப் பக்கத்திலும் வடமராட்சிக் கரையிலும் இருக்கிறது. போத்தல் தொழிற்சாலை ஹொரணையில் இருக்கிறது. ஆனால் சின்னப் பட்டறைக்கு மணலே தேவையில்லை. ஹோட்டல்களின் பின்பக்கம் குவிகிற வெறும் போத்தல்கள் போதும். ஒரே போத்தலின் துண்டுகளை ஒன்றோடொன்று சேர்த்தால் விரியும் அளவும் பொருந்தும். வெளிநாட்டு நிறத்தகடு வாங்கிக் காசை வெளியே அனுப்பவும் வேண்டியதில்லை. வேண்டியது ஒரு மின்சூளை, அதைப் பார்க்கத் தெரிந்த ஒரு ஆள், அந்த ஆளுக்கு மாதச் சம்பளம்.

ஆகவே கப்பல்துறையிலோ நகரத்திலோ நாளைக்கு ஒரு கண்ணாடிப் பட்டறை திறந்தால், எங்கட பக்கம் இருந்து நாலு நிபந்தனை.

ஒன்று, அட்டையில் எல்லாப் பெயரும் வரவேண்டும். அடுக்கியது இன்னார், வெட்டியது இன்னார், சூளை பார்த்தது இன்னார், தேய்த்தது இன்னார். ஒரு அட்டையில் நாலு பெயர் எழுத இடம் உண்டு.

இரண்டு, கட்டணத்தில் யாருக்கு எவ்வளவு போகிறது என்று சுவரில் ஒட்டவேண்டும். மின்சாரத்துக்கு இவ்வளவு, கண்ணாடிக்கு இவ்வளவு, சொல்லிக்கொடுப்பவருக்கு இவ்வளவு. விலை தெரிந்து வளர்கிற பிள்ளை பெட்டி விற்கிற அம்மாவிடம் வாயாடாது.

மூன்று, லீவுப் பட்டறைக்குப் பக்கத்தில் இன்னொரு கதவு இருக்கவேண்டும். பாடசாலை முடித்த பிள்ளைகளுக்கும், அலுமாரியில் சான்றிதழ் வைத்திருக்கிற அக்காமாருக்கும் மாதக்கணக்கில் பழகக் கூடிய கதவு. முடிவில் என்.வி.கியூ போல நாடு ஒத்துக்கொள்ளும் தகைமை ஒன்று கையில் இருக்கவேண்டும். தொழிற்பயிற்சி அதிகார சபை இருக்கிறது, 1982ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த தேசிய அருங்கலைகள் பேரவை இருக்கிறது, லக்சல கடைகள் இருக்கின்றன. நிறுவனங்களுக்குப் பஞ்சம் இல்லை. கேட்கிறதுக்குத்தான் ஆள் இல்லை. கேட்கிற ஆட்கள் நாங்களாக இருப்பம்.

நாலு, கண்ணாடியோடு ஊர்க் கைவேலையையும் உள்ளே எடுக்கவேண்டும். ஓலை பின்னுகிறவர், பாய் இழைக்கிறவர் அங்கே சொல்லிக்கொடுப்பவராக, சம்பளத்தோடு வரவேண்டும், கண்காட்சிப் பொருளாக இல்லை.

அதுவரைக்கும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. இந்த நத்தாருக்கோ பொங்கலுக்கோ யாருக்காவது பரிசு வாங்கும்போது, கடைக்காரரிடம் “எவ்வளவு குறைப்பீங்க?” என்று கேட்கிறதுக்கு முதல் “இதைச் செய்தது யாரு?” என்று ஒரு கேள்வி கேளுங்கள். பதில் தெரிந்தால் அந்தப் பெயரையும் பரிசோடு சேர்த்து எழுதிக் கொடுங்கள். தெரியாது என்றால், ‘கையால் செய்தது’ என்ற அட்டையை அவிழ்த்து அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.