அந்த வீட்டில் வாழ முடியுமா?

1931இல் ஒரு ஜெர்மன் சஞ்சிகையில் யுஸ்டுஸ் பியர் என்ற விமர்சகர் கேட்ட கேள்வி இது. அவர் கேட்டது டூகன்ட்ஹாட் மாளிகையைப் பற்றி. செக் நாட்டின் புர்னோ நகரில், துணியாலை முதலாளிக் குடும்பங்களைச் சேர்ந்த ஃபிரிட்ஸ், கிரேட்டா தம்பதிக்காக மீஸ் வன் டெர் றோ வடிவமைத்த வீடு அது. இது வாழுறதுக்கா, காட்டுறதுக்கா என்பதுதான் அவருடைய சந்தேகம். வாழலாம், சுதந்திரமாக உணர்கிறோம் என்று தம்பதி அதே சஞ்சிகையில் பதில் எழுதினார்கள்.

படங்களைப் பார்த்தால் நாங்களும் வாயைப் பிளப்போம்தான். பாரத்தை உருக்குத் தூண்கள் தாங்குவதால் கூடத்துக்குள்ளே அறை பிரிக்கும் சுவர்கள் தேவைப்படவில்லை. நடுவில் மொரோக்கோவிலிருந்து வந்த ஒனிக்ஸ் கல்லில் ஒரு தடுப்பு. பெரிய கண்ணாடி யன்னல்கள் மின்சாரத்தில் அப்படியே நிலத்துக்குள் இறங்கும்.

கட்டடக்கலைப் பேச்சு பெரும்பாலும் இதோட முடிஞ்சிடும். எங்களுக்கு அங்கேதான் பிரச்சினை.

1930 டிசம்பரில் குடிபுகுந்த அந்த யூதக் குடும்பம் 1938இல் நாட்டை விட்டு வெளியேறியது. எட்டு வருஷம்கூட முழுசா இல்லை. அடுத்த வருஷமே கெஸ்டாபோ வீட்டைப் பறித்தது. 1945இல் சோவியத் படையினர் உள்ளே குதிரை கட்டினார்கள். பிறகு நடனப் பள்ளி, அதுக்குப் பிறகு முள்ளந்தண்டுப் பாதிப்புள்ள பிள்ளைகளுக்கான உடற்பயிற்சிக் கூடம். சாப்பாட்டு மேசையைச் சுற்றி நின்ற கருங்காலிச் சுவரின் பலகைகள் 2011இல்தான் அகப்பட்டன. எங்கே எண்டால், ஒரு பல்கலைக்கழகச் சட்டபீடத்தின் கன்ரீனில்! போர்க்காலத்தில் அந்தக் கட்டடம் கெஸ்டாபோவின் தலைமையகம். அந்தச் சுவருக்குப் பக்கத்தில் இருந்து சாப்பிட்ட மாணவர்களில் எத்தனை பேருக்கு அது யாருடைய வீட்டுச் சுவர் என்று தெரிந்திருக்கும்?

2001இல் யுனெஸ்கோ மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்த வீட்டை, 2010 முதல் 2012 வரை பழைய தோற்றத்துக்கே மீட்டெடுத்தார்கள். பலகைகளும் திரும்பி வந்தன. மீட்டது பிழை என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் 1930 மட்டும்தான் அந்த வீட்டின் உண்மையான வருஷம் என்பது போலப் பேசுவது பிழை. முதுகை நிமிர்த்தப் பழகிய அந்தப் பிள்ளைகளும் அங்கே வாழ்ந்தவர்கள்தானே? வீடு மீண்டது. குடும்பம் மீண்டும் அங்கே குடிவரவில்லை, இப்போது அது நகரசபையின் சொத்து. வீட்டைப் பூட்டிப்போட்டு வெளிக்கிடுறது எண்டால் என்னவென்று எங்கட ஆக்களுக்கு விளக்கத் தேவையில்லை.

ஆகவே அடுத்த முறை யாராவது ஒனிக்ஸ் சுவரைப் பற்றிப் புகழ்ந்து எழுதினால், 1938ஐயும் சேர்த்து எழுதட்டும். பியரின் கேள்விக்கு எங்கட பதில்: அந்த வீட்டில் வாழ முடிஞ்சுது. வாழத்தான் விடேல்ல.